ஆங்கிலச் சொற்களை அசை பிரித்து உச்சரிப்பதும் எழுதுவதும்

ஆங்கிலத்தில் நீளமான ஒரு சொல்லைக் கண்டதும் வாய் தயங்குவதற்கும், நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை எழுதும்போது ஓர் எழுத்து விடுபட்டுப் போவதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சொல்லை நாம் எழுத்தெழுத்தாகப் பார்க்கிறோம், அல்லது முழுவதையும் ஒரே உருவமாகப் பார்க்கிறோம். இரண்டுக்கும் இடைப்பட்ட அசை என்னும் அளவில் பார்ப்பதில்லை. பதின்மூன்று எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைப்பது கடினம், ஐந்து அசைகளை வைப்பது எளிது. ஒரு சொல்லில் எத்தனை அசைகள் உள்ளன, ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது, எந்த அசை அழுத்தி ஒலிக்கப்படுகிறது என்னும் மூன்றையும் கண்டுகொண்டால் உச்சரிப்பில் பெரும்பகுதியும் எழுத்துக்கூட்டலில் கணிசமான பகுதியும் வசப்படும்.

இங்கே ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒலிப்புப்படி தமிழில் எழுதி, தேவையான இடங்களில் பொருளையும் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டே படித்தால், பிரிக்கும் இடத்தைக் கண்ணாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஏ, ஈ, ஐ, ஓ, யூ, ஒய் என்று தனியாக வருபவை ஆங்கில எழுத்துகளின் பெயர்கள்.

முதலில் காதால் எண்ணுங்கள்

ஓர் உயிரொலியை மையமாக வைத்து ஒரே வீச்சில் ஒலிக்கும் பகுதிதான் அசை. அந்த உயிரொலிக்கு முன்னும் பின்னும் மெய்யொலிகள் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் ஓர் அசையில் ஓர் உயிரொலிக்கு மேல் வராது. யாப்பிலக்கணம் பயின்றவர்கள் இந்த இடத்தில் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். நிரையசையில் இரண்டு உயிர்கள் சேர்ந்து ஓர் அசையாகின்றன. ஆங்கிலக் கணக்கில் அவை இரண்டு அசைகள்.

எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து அசைகளின் எண்ணிக்கையை ஊகிக்க முடியாது. வலிமைகள் என்று பொருள்படும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லில் 9 எழுத்துகள் இருந்தும் அசை ஒன்றுதான். பரப்பைக் குறிக்கும் ‘ஏரியா’வில் 4 எழுத்துகளே இருந்தும் அசைகள் மூன்று. ஆங்கில நெடுங்கணக்கில் உயிரெழுத்துகள் 5. சில இடங்களில் ஒய் எழுத்தும் உயிராக வரும். ஆனால் பொதுத்தர பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறத்தாழ 20. ஆகவே எண்ண வேண்டியது ஒலியைத்தான்.

எண்ணுவதற்குப் பள்ளிகளில் கைதட்டச் சொல்லித் தருவார்கள். மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு, தாடை எத்தனை முறை கீழிறங்குகிறது என்று பார்க்கச் சொல்வதும் உண்டு. இரண்டும் பயன் தருபவைதான். என்றாலும் ஈகார, ஊகார ஒலிகளில் தாடை அதிகம் இறங்குவதில்லை என்பதால் இரண்டாவது முறை சில சொற்களில் ஏமாற்றிவிடும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இவற்றைவிட உறுதியான ஒரு வழி கையிலேயே இருக்கிறது. தமிழில் உயிரெழுத்தும் உயிர்மெய்யும் தலைக்கு ஓர் உயிரைக் கொண்டவை. புள்ளி வைத்த எழுத்தில் உயிர் இல்லை. ஆகவே ஆங்கிலச் சொல்லின் சரியான ஒலிப்பைத் தமிழில் எழுதி, புள்ளியெழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். ‘ஹண்ட்ரட்’ என்பதில் ஹ, ர ஆகிய இரண்டு. ‘மான்ஸ்டர்’ என்பதில் மா, ட ஆகிய இரண்டு. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்பதில் ரெ ஒன்றே ஒன்று.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. தமிழில் எழுதுகிற வடிவம் நம் வழக்கமான வடிவமாக இல்லாமல் ஆங்கிலத்தின் உண்மையான ஒலிப்பாக இருக்க வேண்டும். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால், இலக்கணத்தைக் குறிக்கும் ‘க்ராமர்’ என்ற சொல்லைக் ‘கிராமர்’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். எழுதுவதைப் போலவே பேசவும் செய்கிறோம். இரண்டு அசைச் சொல் மூன்றாகிவிடுகிறது. ‘ஸ்கூல்’ என்ற ஓரசைச் சொல் ‘இஸ்கூல்’ ஆவதும், ‘பஸ்’ என்பது ‘பஸ்ஸு’ ஆவதும், ‘ஃபில்ம்’ என்பது ‘ஃபிலிம்’ ஆவதும் இதே போக்கில்தான். வீட்டைக் குறிக்கும் சொல்லை ‘ஹவுஸ்’ என்று எழுதினால் இரண்டு அசையாகத் தோன்றும். அதில் இருப்பது ஔகாரம் என்ற ஒரே உயிரொலி என்பதால் ‘ஹௌஸ்’ என்று எழுதி ஒன்றாக எண்ணுவதே சரி. உச்சரிப்பில் நமக்கு ஏற்படும் பிழைகளில் பலவற்றைத் தேடிப் பார்த்தால், ஆங்கிலத்தில் இல்லாத ஓர் உயிரை மெய்களுக்கு நடுவிலோ சொல்லின் தலையிலோ கடையிலோ சேர்த்து அசையைக் கூட்டிவிட்டது தெரியும். எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பழக்கம் இந்தப் பிழைகளை அவை பிறக்கும் இடத்திலேயே பிடித்துக் காட்டுகிறது.

இறந்தகாலத்தைக் காட்டும் ஈ-டி விகுதி இதற்கு நல்ல சோதனை. வினைச்சொல் டகர ஒலியில் முடிந்தால் மட்டுமே அந்த விகுதி ஒரு புதிய அசையாக ஒலிக்கும்: ‘நீட்’ ஓரசை, ‘நீடட்’ ஈரசை, ‘ஸ்டார்ட்’ ஓரசை, ‘ஸ்டார்டட்’ ஈரசை. மற்ற வினைகளில் அது வெறும் மெய்யொலியாக ஒட்டிக்கொள்ளும். நடந்தான் என்பதற்கான ‘வாக்ட்’, விளையாடினான் என்பதற்கான ‘ப்ளேட்’, கேட்டான் என்பதற்கான ‘ஆஸ்க்ட்’ எல்லாம் ஓரசைச் சொற்களே. ‘ஆஸ்கெட்’ என்று நீட்டுவது தவறு. கற்றறிந்த என்ற பொருளில் பெயரடையாக வரும் ‘லர்னட்’ போன்ற சில சொற்கள் இதற்கு விலக்கு. பன்மை விகுதியும் இப்படித்தான்: ‘நேம்ஸ்’ ஓரசையாகவே நிற்க, ஸகர, ஷகர, சகர, ஜகர ஒலிகளில் முடியும் ‘பாக்ஸ்’, ‘வாஷ்’, ‘வாட்ச்’, ‘பேஜ்’ போன்றவை விகுதி சேர்ந்ததும் ஈரசையாகும்.

பிறகு கண்ணால் பிரியுங்கள்

எண்ணிக்கை தெரிந்த பிறகே எழுத்துகளுக்கு நடுவில் எங்கே பிரிப்பது என்ற கேள்விக்கு வர வேண்டும். விதிகளை முதலில் மனப்பாடம் செய்துவிட்டுச் சொற்களை அவற்றுக்குள் திணிப்பவர்கள் விரைவில் சோர்ந்துபோகிறார்கள். காது சொன்னதைக் கண்ணுக்குக் காட்டுவதற்குத்தான் விதிகள்.

முதல் வேலை, ஒட்டுகளைக் கழற்றுவது. இரண்டு முழுச்சொற்கள் சேர்ந்த சொல்லாக இருந்தால் அவை சேர்ந்த இடத்திலும், முன்னொட்டோ பின்னொட்டோ இருந்தால் அது ஒட்டிய இடத்திலும் முதலில் பிரியுங்கள். கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும் ‘லைட்ஹௌஸ்’ என்ற சொல்லில் டி, எச் என்ற எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. வேறு சொற்களில் இந்த இரண்டும் சேர்ந்து தகர ஒலியைத் தரும். இங்கே ஒன்று முதற்சொல்லின் கடைசி எழுத்து, மற்றது இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து. ஒட்டைக் கழற்றாமல் நேராக எழுத்துகளுக்குப் போனால் இத்தகைய இடங்களில் வழுக்கி விழ நேரிடும். பாடகரைக் குறிக்கும் ‘சிங்கர்’ இன்னொரு சான்று. பாடு என்ற வினையோடு பின்னொட்டுச் சேர்ந்த சொல் அது. ஆகவே மூக்கொலியோடு முதல் அசை முடிந்துவிடுகிறது, நாம் தமிழில் ங்க என்று எழுதும்போது வரும் ககர ஒலி அதில் கிடையாது. விரலைக் குறிக்கும் ‘ஃபிங்கர்’ ஒட்டில்லாத தனிச்சொல். அதில் அந்த ஒலி உண்டு.

ஒட்டுகள் நீங்கிய பின் எஞ்சும் பகுதியில் உயிரெழுத்துகளுக்கு அடிக்கோடிடுங்கள். கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ எழுத்தை விட்டுவிடுங்கள். சேர்ந்து ஒரே ஒலி தரும் இணைகளை ஒன்றாக எண்ணுங்கள். பிறகு இரண்டு உயிர்களுக்கு நடுவில் எத்தனை மெய்கள் நிற்கின்றன என்று பாருங்கள். இரண்டு மெய்கள் நின்றால் நடுவில் பிரிக்க வேண்டும். முயலைக் குறிக்கும் ‘ராபிட்’ என்ற சொல்லில் இரண்டு பி எழுத்துகளுக்கு நடுவிலும், கூடையைக் குறிக்கும் ‘பாஸ்கெட்’ என்ற சொல்லில் எஸ் எழுத்துக்கும் கே எழுத்துக்கும் நடுவிலும் பிரிவு விழும். மூன்று மெய்கள் நின்றால், சொல்லின் முதலில் சேர்ந்து வரக்கூடிய இணையைப் பிரிக்காமல் அடுத்த அசைக்குக் கொடுங்கள்; ‘ஹண்ட்ரட்’ என்பது ஹண்-ட்ரட் எனவும், ‘மான்ஸ்டர்’ என்பது மான்-ஸ்டர் எனவும் பிரியும். இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே மெய்யொலியைத் தரும் இடங்களில், அந்த இரண்டையும் ஓர் எழுத்தாகவே கருத வேண்டும். தந்தையைக் குறிக்கும் ‘ஃபாதர்’, ‘டால்ஃபின்’, ‘மெஷின்’ ஆகியவை அப்படிப்பட்டவை.

உயிர்களுக்கு நடுவில் ஒரே ஒரு மெய் நிற்கும் சொற்கள்தான் மிகுதியாகக் குழப்புபவை, மிகுதியாகக் கற்றுத் தருபவையும் அவையே. அந்த மெய்யை அடுத்த அசைக்குக் கொடுத்தால் முதல் அசை உயிரில் முடிந்து திறந்து நிற்கும். திறந்த அசையின் உயிர் நீண்டு, பெரும்பாலும் அந்த எழுத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும். மெய்யை முதல் அசையிலேயே நிறுத்தினால் அசை மூடிக்கொள்ளும், உயிர் குறுகும். சமன் என்ற பொருள் தரும் ‘ஈவன்’ என்ற சொல்லின் முன்னால் எஸ் எழுத்தைச் சேர்த்தால் ஏழைக் குறிக்கும் ‘செவன்’ கிடைக்கிறது. தீமையைக் குறிக்கும் ‘ஈவில்’ என்ற சொல்லின் முன்னால் டி சேர்த்தால் சாத்தானைக் குறிக்கும் ‘டெவில்’ கிடைக்கிறது. தொடர்ந்து வரும் எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் முதல் சொல்லில் ஈ-வன் என்று அசை திறந்து நிற்கிறது, மற்றதில் செவ்-அன் என்று மூடிக்கொள்கிறது. எழுத்தைப் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. அறியாத சொல்லானால் முதலில் திறந்த அசையாக ஒலித்துப் பாருங்கள். ‘டைகர்’, ‘ம்யூசிக்’ போல அது அறிந்த சொல்லாக ஒலித்தால் சரி. இல்லையென்றால் மூடிய அசையாக ஒலித்துப் பாருங்கள்; ‘லிமிட்’, ‘பனிஷ்’ போன்றவை அப்படித்தான் கிடைக்கும்.

இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து நின்றால், அவை ஒரே ஒலியா, இரண்டு ஒலிகளா என்று பார்க்க வேண்டும். ‘க்ரீம்’ என்ற சொல்லிலும் உருவாக்கு என்று பொருள்படும் ‘க்ரியேட்’ என்ற சொல்லிலும் ஈ, ஏ என்ற அதே இணைதான் இருக்கிறது; முதல் சொல்லில் அது ஒரே உயிரொலி, இரண்டாவதில் க்ரி-ஏட் என்று பிரிகிறது. ‘ஃபீல்ட்’, ‘டயட்’ என்ற சொற்களில் உள்ள ஐ, ஈ இணையும் அப்படியே. இங்கே தமிழ்க் காது தானாகவே உதவுகிறது. உயிர் முன் உயிர் வந்தால் நடுவில் யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாகச் சேர்க்கும் நம் வழக்கத்தால், ‘டயட்’, ‘லயன்’, ‘போயம்’, ‘சயின்ஸ்’ என்று சொல்லும்போது பிரிவு விழும் இடத்தில் யகரம் வந்து நின்றுவிடுகிறது.

சொல்லின் கடைசியில் ஒரு மெய்யும் எல், ஈ என்ற எழுத்துகளும் வந்தால் அந்த மூன்றும் சேர்ந்தே கடைசி அசை. பின்னிருந்து மூன்று எழுத்துகளை எண்ணிப் பிரித்தால் முதல் அசை திறந்ததா, மூடியதா என்பது உடனே தெரிந்துவிடும். சோம்பியிருக்கும் நிலையைக் குறிக்கும் ‘ஐடில்’ என்ற சொல்லில் முதல் அசை ஐ மட்டுமே; நடுவைக் குறிக்கும் ‘மிடில்’ என்ற சொல்லில் மிட் என்று மூடியிருக்கிறது, அதனால்தான் அதில் டி இரண்டு. ‘டைட்டில்’, ‘லிட்டில்’ என்ற இணையும் இதையே காட்டும். மும்மடங்கைக் குறிக்கும் ‘ட்ரிபிள்’ போன்ற ஒரு சில சொற்கள் இதற்கு அடங்காதவை. அவற்றைத் தனியாக நினைவில் வைப்பதைத் தவிர வழியில்லை.

இரட்டிக்கும் எழுத்துகள்

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே மெய் எங்கே இரண்டாக வரும் என்பதுதான் பலருக்கும் ஓயாத ஐயம். திறந்த அசை, மூடிய அசை என்ற வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்கு அந்த ஐயத்தில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். இரட்டித்த மெய்களில் முதலாவது முந்தைய அசையை மூடுவதற்காக நிற்கிறது. உணவருந்துபவரைக் குறிக்கும் ‘டைனர்’ என்ற சொல்லில் என் எழுத்து ஒன்று; உணவைக் குறிக்கும் ‘டின்னர்’ என்ற சொல்லில் இரண்டு. எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்டிங்’ என்ற சொல்லில் டி ஒன்று; எழுதப்பட்ட என்ற பொருள் தரும் ‘ரிட்டன்’ என்ற சொல்லில் இரண்டு. நம்பிக்கை கொள்வதைக் குறிக்கும் ‘ஹோப்பிங்’, துள்ளுவதைக் குறிக்கும் ‘ஹாப்பிங்’ என்ற இரண்டையும் எழுதிப் பாருங்கள். நீண்ட உயிருக்குப் பின் ஒற்றை மெய், குறுகிய உயிருக்குப் பின் இரட்டை மெய் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இதை எழுத்துக்கு மட்டுமே உரிய செய்தியாகக் கொள்ள வேண்டும். தமிழில் இரட்டித்த மெய் இரட்டித்தே ஒலிக்கிறது. பனி வேறு, பன்னி வேறு. ஆங்கிலத்தில் தனிச்சொல்லுக்குள் இரட்டித்து எழுதிய மெய் ஒற்றையாகவே ஒலிக்கிறது. ‘டின்னர்’ என்று நாம் எழுதுவதை ஆங்கிலம் பேசுவோர் ‘டினர்’ என்றே சொல்வார்கள். எழுதும்போது டின்-னர் என்று மனத்துக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். பேசும்போது ஒரு னகரத்தை விட்டுவிடுங்கள்.

விகுதி சேரும்போது மெய் இரட்டிக்குமா என்பதை அசையழுத்தம் தீர்மானிக்கிறது. ஒற்றை உயிரெழுத்தும் அதைத் தொடர்ந்து ஒற்றை மெய்யுமாக முடியும் வினைச்சொல்லில் கடைசி அசை அழுத்தம் பெற்றிருந்தால், உயிரில் தொடங்கும் விகுதிக்கு முன் அந்த மெய் இரட்டிக்கும். தொடங்கு என்று பொருள்படும் ‘பிகின்’ என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் இருப்பதால் ‘பிகினிங்’ என்பதில் என் இரண்டு. திற என்று பொருள்படும் ‘ஓப்பன்’ என்ற சொல்லில் அழுத்தம் முதலசையில் இருப்பதால் ‘ஓப்பனிங்’ என்பதில் என் ஒன்று. பயணத்தைக் குறிக்கும் ‘ட்ராவல்’ போன்ற சொற்களில், அழுத்தம் முதலசையில் இருந்தும், பிரிட்டிஷ் வழக்கில் எல் எழுத்தை இரட்டிக்கிறார்கள். அமெரிக்க வழக்கில் இரட்டிப்பதில்லை.

அழுத்தம் பெறாத அசைகளில் மறைந்திருக்கும் உயிர்கள்

தமிழில் எல்லா அசைகளும் ஏறத்தாழ ஒரே தெளிவுடன் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி, நீண்டு, தெளிவாக ஒலிக்க, சுற்றியுள்ள அசைகள் மங்கிவிடுகின்றன. மங்கிய அசையில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதை எழுதியிருந்தாலும், வாயைப் பெரிதாகத் திறக்காமல் சொல்லும் அகரம் போன்ற ஒரே ஒலியாகத் தேய்ந்துவிடும். கைதட்டி எண்ணும் முறையின் குறையும் இதுவே: தட்டும்போது எல்லா அசைகளும் சம வலிமை பெற்றுவிடுகின்றன. ஆகவே எண்ணி முடித்ததும் சொல்லை உடனே ஒன்றுசேர்த்து, ஓர் அசையை ஓங்கவிட்டு மற்றவற்றைத் தளர்த்தி, இரண்டு மூன்று முறை சொல்லிவிட வேண்டும்.

அழுத்தம் எங்கே விழும் என்பதைச் சில பின்னொட்டுகள் காட்டிக்கொடுக்கின்றன. ‘ஷன்’ என்று ஒலிக்கும் பின்னொட்டு, ‘இக்’ என்ற பின்னொட்டு, ‘இட்டி’ என்ற பின்னொட்டு ஆகிய மூன்றும் தமக்கு நேர் முன்னால் உள்ள அசைக்கு அழுத்தத்தைத் தருகின்றன. பொருளாதாரத்தைக் குறிக்கும் ‘இகானமி’யில் இரண்டாம் அசையில் இருந்த அழுத்தம், ‘ஈகனாமிக்’ என்று மாறும்போது மூன்றாம் அசைக்கு நகர்கிறது. ‘பாலிடிக்ஸ்’ போன்று இதற்கு மாறுபடும் சொற்கள் உண்டு. எனினும் இந்த மூன்று பின்னொட்டுகளை அறிந்தவர் நூற்றுக்கணக்கான நீண்ட சொற்களைத் தயங்காமல் வாசித்துவிடலாம்.

அழுத்தம் இப்படி நகர்வதால் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பெரிய நன்மை விளைகிறது. நான் மிகவும் மதிக்கும் உத்தி இது; பாடங்களில் இதற்கு உரிய இடம் தரப்படாதது வருத்தமாகவே இருக்கிறது. நூலாசிரியரைக் குறிக்கும் ‘ஆதர்’, பத்திரிகை ஆசிரியரைக் குறிக்கும் ‘எடிட்டர்’, ஒத்த என்று பொருள்படும் ‘சிமிலர்’, இலக்கணத்தைக் குறிக்கும் ‘க்ராமர்’ ஆகிய நான்கும் காதுக்கு ஒரே மாதிரி அர் என்று முடிகின்றன. அங்கே எழுத வேண்டியது ஏ, ஈ, ஓ என்பவற்றில் எது என்று அந்தச் சொற்கள் சொல்வதில்லை, அசை மங்கியிருக்கிறது. அதே குடும்பத்தில் அழுத்தம் இடம் மாறிய சொல்லைத் தேடுங்கள். ‘ஆதர்’ என்பதன் உறவான ‘அதாரிட்டி’யில் அந்த அசை அழுத்தம் பெற்றுத் தாரி என்று ஒலிக்கிறது, ஓ எழுத்தின் குறுகிய ஒலி அது. ‘எடிட்டோரியல்’ என்று சொன்னதும் டோ என்ற ஒலியில் ஓ வெளிப்படுகிறது. ‘சிமிலாரிட்டி’யில் ஏ வெளிப்படுகிறது, ‘க்ரமாட்டிகல்’ என்பதிலும் ஏ. மங்கிய அசையில் மறைந்திருந்த எழுத்து, உறவுச்சொல்லின் அழுத்தமான அசையில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஐயம் எழும்போதெல்லாம் இந்தத் தேடலைச் செய்து பாருங்கள். எழுத்தோடு கூடவே ஒரு புதிய சொல்லும் பழகிவிடும்.

பெயரும் வினையும் ஒரே எழுத்துகளைக் கொண்டிருக்கும் சொற்களில் அழுத்தத்தோடு பிரிவும் மாறுகிறது. பதிவைக் குறிக்கும் ‘ரெகார்ட்’ பெயராக வரும்போது முதலசை அழுத்தம் பெற்று ரெக் என்று மூடிக்கொள்கிறது. பதிவுசெய் என்ற வினையாக வரும்போது ரி-கார்ட் என்று முதலசை திறந்து, அழுத்தம் இரண்டாவதற்குப் போகிறது.

எழுதுவதற்கென்று ஒரு தனி ஒலிப்பு

பேச்சில் அசைகள் சில முழுவதுமாகவே மறைந்துவிடும். புதன்கிழமையைக் குறிக்கும் சொல் ‘வென்ஸ்டே’ என்று ஈரசையாக ஒலிக்கிறது. எழுதும்போது வெட்-நெஸ்-டே என்று மூன்றாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் டி, ஈ எழுத்துகள் விடுபடாது. தொழிலைக் குறிக்கும் ‘பிஸ்னஸ்’ என்பதைப் பஸ்-இ-நெஸ் என்றும், அரசைக் குறிக்கும் சொல்லைக் கவர்ன்-மென்ட் என்று என் எழுத்து கேட்கும்படியும், தனித்த என்று பொருள்படும் ‘செப்ரட்’ என்பதை நடுவில் ஏ எழுத்து ஒலிக்கும்படி செப்-ஏ-ரேட் என்றும் சொல்லிப் பழகலாம். இவை எழுதும் கைக்கான ஒலிப்புகள், வாய்க்கானவை அல்ல. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. எழுத்தை நினைவில் வைக்க உருவாக்கிய வடிவத்தையே பேச்சிலும் பயன்படுத்தினால் உச்சரிப்பு கெட்டுவிடும்.

ஒரு சொல்லை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்கலாம். தங்கும் வசதியைக் குறிக்கும் ‘அகாமடேஷன்’ அடிக்கடி பிழையாக எழுதப்படும் சொல். 13 எழுத்துகள் கொண்டது. ஒலிப்பில் புள்ளியில்லாத எழுத்துகளை எண்ணினால் அ, கா, ம, டே, ஷ என ஐந்து. எழுத்தில் உயிர்கள் ஆறு. ஆனால் கடைசியில் உள்ள ஷன் என்னும் பின்னொட்டில் இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஓர் அசையாகின்றன என்பதால் அங்கேயும் ஐந்து. பின்னொட்டைக் கழற்றியதும், அழுத்தம் அதற்கு முன்னுள்ள டே என்ற அசையில் விழுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த அசை திறந்து நிற்பதால் ஏ தன் பெயரைப் போலவே நீண்டு ஒலிக்கிறது. இனி முன்பக்கம். அக் என்பது ஒரு முன்னொட்டு, காம் என்பது இன்னொன்று. முதலாவது சி எழுத்தில் முடிந்து இரண்டாவது சி எழுத்தில் தொடங்குவதால் சி இரண்டு. காம் என்பது எம் எழுத்தில் முடிய, அடுத்த அசை எம் எழுத்தில் தொடங்குவதால் எம் இரண்டு. அந்த மூன்றாம் அசை திறந்தது. அதை மூடுவதற்கு எழுத்து எதுவும் தேவையில்லை என்பதால் டி ஒன்றே. அதில் உள்ள மங்கிய உயிர் எது என்ற ஐயம் வந்தால், இடம் தாராளமான என்று பொருள்படும் ‘கமோடியஸ்’ என்ற உறவுச்சொல்லில் ஓ தெளிவாகக் கேட்கிறது. எழுதும் கைக்கு அக்-காம்-மோ-டே-ஷன். பேசும் வாய்க்கு அகாமடேஷன்.

அகராதியைப் பார்க்கும்போது

அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே காணப்படும் புள்ளிகளை உச்சரிப்பு அசைகளாகப் பலரும் கருதிவிடுகிறார்கள். பெரும்பாலான அகராதிகளில் அவை, வரியின் கடைசியில் சொல்லை முறிக்க நேர்ந்தால் எங்கே முறிக்கலாம் என்பதைக் காட்டுபவை. ஒற்றை எழுத்தை வரியின் கடைசியில் தனியாக விடுவதில்லை என்பதால், ஈரசைச் சொல்லாகிய ‘அபௌட்’ போன்றவற்றில் புள்ளியே இல்லாமலும் போகலாம். உச்சரிப்புக்கு, அதன் அருகில் ஒலிப்புக் குறியீடுகளில் தரப்பட்டிருக்கும் வடிவத்தையே பார்க்க வேண்டும். அழுத்தம் பெறும் அசையின் தொடக்கத்தில் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும்.

பிரிக்கும் இடத்தில் அகராதிகளே வேறுபடும்போது கலங்க வேண்டியதில்லை. அறிவைக் குறிக்கும் ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லை அமெரிக்க மரபு எல் எழுத்துக்குப் பின்னும், பிரிட்டிஷ் மரபு எல் எழுத்துக்கு முன்னும் முறிக்கிறது. முன்னது ஒலிப்பையும் பின்னது சொற்பிறப்பையும் சார்ந்தது. இந்த வேறுபாட்டுக்கு நீண்ட பின்னணி உண்டு. 1783இல் நோவா வெப்ஸ்டர் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலில், பழக்கத்தைக் குறிக்கும் ‘ஹாபிட்’ போன்ற சொற்களை முதல் உயிரோடு பிரித்துவந்த பழைய முறையை மாற்றி, குறுகிய உயிர் குறுகியே ஒலிக்கும்படி அடுத்த மெய்யையும் முதலசையோடு சேர்த்தார். எழுத்துகளைப் பார்த்து மட்டும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கணினியும் காட்டியிருக்கிறது: 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஃப்ராங்க் லியாங் உருவாக்கிய முறை, 4,447 எழுத்துக் கோலங்களைக் கொண்டு, அகராதியில் உள்ள முறிவிடங்களில் 89 விழுக்காட்டைக் கண்டுபிடித்தது. நெருப்பைக் குறிக்கும் ‘ஃபயர்’ ஓரசையா ஈரசையா என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே உடன்படுவதில்லை.

பயிற்சிக்குத் தனி நூல் தேடவேண்டாம். நீங்கள் தவறாக எழுதிய சொற்களையும் சொல்லத் தயங்கிய சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஒவ்வொன்றையும் அசைகளாகப் பிரித்து, அழுத்தம் பெறும் அசைக்கு மேல் கோடிட்டு, நீங்கள் பிழைசெய்த ஓர் அசையை மட்டும் வட்டமிடுங்கள். அரிதாகவே முழுச்சொல்லும் பிழையாகிறது. ஏறத்தாழ எப்போதும் ஓர் அசையில்தான் சறுக்கல் இருக்கும். மறுபடி படிக்கும்போது அந்த வட்டத்தை மட்டும் பார்த்து, அது திறந்த அசையா, மூடிய அசையா, மங்கிய அசையா என்று கேட்டு, மங்கியது என்றால் அதற்கு ஓர் உறவுச்சொல்லைத் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள்.